ஆங்கில 'டேக்' அரபியில் சறுக்கும் இடங்கள்: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

'டேக்' (take) என்பதற்கு அரபியில் என்ன என்று கேட்டால் முதல் வாரத்திலேயே வரும் விடை 'அகத'. அதில் தப்பில்லை. பேனாவை எடுத்தான், காசை வாங்கிக்கொண்டான், பிள்ளையை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனான் என்று எல்லாவற்றுக்கும் 'அகத' தாராளமாகப் போதும். தொல்லை அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. இலக்கணம் சரியாக இருக்கும், சொல்லும் அகராதியில் இருக்கும், ஆனாலும் படிக்கிற அரபுக்காரர் ஒரு நொடி நின்று புருவத்தை உயர்த்துவார்.

நமக்கு ஒரு வசதி உண்டு. தமிழும் 'டேக்'கை ஒரே வினையால் சொல்வதில்லை. மாத்திரையைச் சாப்பிடுகிறோம், பஸ்ஸைப் பிடிக்கிறோம், தேர்வை எழுதுகிறோம், பொறுப்பை ஏற்கிறோம். நேரம் தானாகவே ஆகிறது. அதனால் எந்த வாக்கியத்தில் சிக்கினாலும் முதலில் அதை வாய்விட்டு நல்ல தமிழில் சொல்லிப் பாருங்கள். 'எடு' ஒட்டவில்லை என்றால் 'அகத'வும் ஒட்டாமல் போக நிறைய வாய்ப்பு இருக்கிறது. இது முடிவான தீர்ப்பு இல்லை, எச்சரிக்கை மணிதான். சரியான அரபு வினையைக் கண்டுபிடிக்க, கூட வரும் பெயர்ச்சொல்லைத்தான் கேட்க வேண்டும்.

படிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். நம் 'க' ஒன்றே அரபியின் கா (خ), காஃப் (ك, ق இரண்டும்), கைன் (غ) எல்லாவற்றுக்கும் நிற்கிறது. இந்த எழுத்துகளால் குழப்பம் வரும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

அறிகுறி: "பயணம் மூன்று மணி நேரம் எடுக்கும்" என்று எழுதினேன், புரிகிறது, ஆனால் பேச்சுவழக்கு மாதிரி இருக்கிறது என்கிறார்கள்

இப்போதெல்லாம் அரபுக்காரர்களே 'யஃகுது வக்தன்', அதாவது நேரம் எடுக்கும், என்று சொல்வது உண்டு. நம்மில் பலர் 'டைம் எடுக்கும்' என்று சொல்வதைப் போலத்தான். ஆனால் எழுத்தில் கவனமாக இருப்பவர் 'இஸ்தக்ரக' என்பார். 'தஸ்தக்ரிகு அர்ரிஹ்லா ஸலாஸ ஸாஆத்', பயணத்துக்கு மூன்று மணி நேரம் ஆகும்.

இதன் வேர், அதாவது சொல் பிறக்கும் அடியெழுத்துகள், கைன், ரா, காஃப் (ق). மூழ்குவது என்று பொருள். பயணம் மூன்று மணி நேரத்தை விழுங்கித் தனக்குள் அமிழ்த்திக்கொள்கிறது என்பது உள்ளே இருக்கும் படம். இந்தப் படம் மனதில் பதிந்துவிட்டால் எழுவாயில் தவறு வராது. விழுங்குவது வேலையோ பயணமோதான், ஆள் இல்லை. "எனக்கு மூன்று மணி நேரம் ஆனது" என்பதற்கு 'நான் மூன்று மணி நேரம் எடுத்தேன்' என்று ஆளை எழுவாயாக்கினால் வாக்கியம் நொண்டும். 'இஸ்தக்ரக அல்அம்ரு மின்னீ' என்று காரியத்தையே எழுவாயாக்குங்கள்.

ஆளை எழுவாயாக வைத்துப் பக்கத்தில் 'ஃபீ' ('இல்' என்ற உருபு) சேர்த்தால் கதையே வேறு. 'இஸ்தக்ரக ஃபின்னவ்ம்' என்றால் அவன் ஆழ்ந்த தூக்கத்தில் மூழ்கிவிட்டான்.

அறிகுறி: சாதாரண நிர்வாகச் செய்தி ஆட்சிக் கவிழ்ப்பு மாதிரி ஒலிக்கிறது

இதில் நானே விழுந்திருக்கிறேன். ஒரு நிறுவனத்துக்குப் புதிய மேலாளர் வந்த செய்தி. ஆங்கிலத்தில் 'டேக் ஓவர்' என்று இருந்தது. நான் 'இஸ்தவ்லா' போட்டேன். சரிபார்த்தவர் ஓரத்தில் ஒரே வரிதான் எழுதினார்: "போலீசில் புகார் கொடுத்தாயிற்றா?"

'தவல்லா', 'இஸ்தவ்லா' இரண்டுக்கும் வேர் ஒன்றே: வாவ், லாம், யா. பதவியையோ பொறுப்பையோ முறையாக ஏற்பது 'தவல்லா'. ஊரையோ சொத்தையோ அதிகாரத்தையோ கைப்பற்றுவது 'இஸ்தவ்லா அலா'. புதிய மேலாளர் நிர்வாகப் பொறுப்பை ஏற்றார் என்றால் 'தவல்லா அல்முதீருல் ஜதீத் இதாரதஷ் ஷரிகா'. தமிழில் 'ஏற்றார்' வருகிறதா, 'கைப்பற்றினார்' வருகிறதா என்று பார்த்தாலே இந்த இடத்தில் தப்பிக்கலாம். நான் பார்க்கவில்லை.

ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்தை விலைக்கு வாங்கித் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவருவதற்கு வணிகச் செய்திகளில் தனிச்சொல் இருக்கிறது: 'இஸ்தஹ்வத அலா'. பெயர்ச்சொல் 'இஸ்திஹ்வாத்'. அங்கே 'தவல்லா'வும் செல்லாது.

அறிகுறி: விமானம் புறப்பட்டது என்று எழுதினேன், விமான நிலையத்தை விட்டொழித்தது என்று படிக்கிறார்கள்

குற்றவாளி 'அன்' என்ற குட்டிச் சொல்.

விமானம் மேலெழுவது 'அக்லஅ'. 'அக்லஅதித் தாஇரா மினல் மதார்', விமானம் விமான நிலையத்திலிருந்து கிளம்பியது. இங்கே 'மின்' வர வேண்டும். நமக்கு 'மின்', 'அன்' இரண்டும் 'இலிருந்து' என்றே பதிந்திருப்பதால் கை தவறி 'அன்' விழுந்துவிடும். 'அக்லஅ அன்' என்றால் ஒரு பழக்கத்தைக் கைவிடுவது. 'அக்லஅ அனித் தத்கீன்' என்றால் புகைப்பதை விட்டான்.

'அன்' செய்யும் வேலையைத் தனியாகக் கவனிப்பது நல்லது. 'டேக்'குக்காக நாம் எடுக்கும் பல வினைகளில் அது நுழைந்த உடனே பொருள் திசைமாறும். 'தவல்லா' பொறுப்பேற்பது, 'தவல்லா அன்' முகம் திருப்பிக்கொண்டு போவது. 'இஸ்தகல்ல' ரயிலில் ஏறுவது, 'இஸ்தகல்ல அன்' ஒரு நாடு இன்னொன்றிடமிருந்து விடுதலை பெறுவது. சுதந்திரத்தைக் குறிக்கும் 'இஸ்திக்லால்' அதே வினையின் பெயர்ச்சொல்தான். மூன்றிலும் விலகல் என்ற சாயல் தெரிகிறது. ஆனால் 'அகத அன்' அந்த வரிசையில் சேராது. அதற்கு ஒருவரிடமிருந்து கல்வியைப் பெறுவது, ஆசிரியரிடம் பாடம் கேட்பது என்று பொருள். 'அன்' வந்தாலே விலகல்தான் என்று சூத்திரம் எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள்.

உடையைக் கழற்றுவதும் ஆங்கிலத்தில் அதே 'டேக் ஆஃப்'. அரபியில் 'கலஅ'. விமானத்துக்கும் சட்டைக்கும் ஒரே வினை போட்ட மொழிபெயர்ப்பைப் பார்த்தால் எந்திரம் செய்தது என்று தயங்காமல் சொல்லலாம்.

அறிகுறி: ரயிலில் போனேன் என்று எழுதினேன், ரயிலைச் சுரண்டினேன் என்று வந்துவிட்டது

சிரிக்காதீர்கள். தமிழ் எழுத்தில் குறிப்பெடுத்துப் படிக்கும் எல்லோருக்கும் இது ஒருநாள் நடக்கும். 'இஸ்தகல்ல' என்று நோட்டில் ஒரே மாதிரி எழுதியிருப்போம். காஃப் (ق) போட்டால் வண்டியில் ஏறுவது. கைன் போட்டால் பயன்படுத்திக்கொள்வது, சுரண்டுவது. பிறகு நோட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்யும்போது கை எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்.

தீர்வு: குறிப்பில் வினையோடு அதன் வேரெழுத்துகளையும் அரபியிலேயே எழுதிவையுங்கள். இல்லையென்றால் பேச்சுக்கு நெருக்கமான 'ரகிப' போதும். பஸ், ரயில், விமானம், குதிரை எல்லாவற்றிலும் ஏறிப் போவதற்கு அதுவே எளிய சொல். 'இஸ்தகல்ல' செய்தித்தாள் நடை.

கைன் போட்ட 'இஸ்தகல்ல' பற்றி இன்னும் கொஞ்சம். அதன் அடியில் இருப்பது 'கல்லா', விளைச்சல். நிலத்தின் மகசூலை எடுத்துக்கொள்வதிலிருந்து வந்த சொல் அது. அதனால் கூட வரும் பெயரைப் பொறுத்து நல்லதும் ஆகும், கெட்டதும் ஆகும். வாய்ப்பையோ நேரத்தையோ 'இஸ்தகல்ல' செய்தால் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டான். ஆளையோ பதவியையோ செய்தால் சுரண்டினான், துஷ்பிரயோகம் செய்தான். ஆங்கில 'டேக் அட்வான்டேஜ்' என்பதிலும் இதே இரட்டைமுகம் இருப்பதால் ஏமாறுவது சுலபம். நல்ல பொருள் மட்டும்தான் வேண்டும் என்றால் 'இஸ்தஃபாத மின்' போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

அறிகுறி: தேர்வு எழுதினான் என்றேன், வாழ்த்துச் சொல்கிறார்கள்

'இஜ்தாஸ அல்இம்திஹான்' போட்டிருப்பீர்கள். கடந்து சென்றான் என்று பொருள். எகிப்திலும் அதற்குக் கிழக்கேயும் அது தேறிவிட்டான் என்றே படிக்கப்படும். மொராக்கோ, அல்ஜீரியா செய்தித்தாள்களிலோ அதே தொடர் தேர்வு எழுதுவதைக் குறிப்பதைப் பார்க்கலாம். அங்கே பிரெஞ்சின் 'பாஸே' நிழல் விழுந்திருக்கிறது. பிரெஞ்சில் 'பாஸே' என்றால் தேர்வுக்கு உட்காருவதுதான், தேறுவது இல்லை.

எங்கே போனாலும் தப்பாகாத வழி: எழுதியதற்கு 'அத்தா' அல்லது 'தகத்தம லில்இம்திஹான்', தேறியதற்கு 'நஜஹ ஃபீ'. 'அத்தா' என்றால் கடமையை நிறைவேற்றுவது. பதவிப் பிரமாணம் எடுப்பதற்கும் அதே வினை: 'அத்தா அல்யமீன்'. தமிழில் தேர்வை எழுதுகிறோம், உறுதிமொழியை எடுக்கிறோம். அரபியில் இரண்டையும் நிறைவேற்றுகிறார்கள். நம் தமிழ்ச் சோதனை கைவிடும் இடங்களில் இதுவும் ஒன்று.

அறிகுறி: விழா நடந்தது என்று எழுதினால், யாரோ தன் இடத்தில் உட்கார்ந்தார் என்று படிக்கிறது

'டேக் பிளேஸ்' என்பதை 'அகத மகான்' ஆக்கியதால் வந்த வினை. (இந்த 'மகான்' நம் மகான் இல்லை, இடம்.) 'அகத மகானஹு' என்றால் தன் இடத்தைப் பிடித்தான், அல்லது இன்னொருவன் இடத்துக்கு வந்தான். விழா என்றால் 'உகீம', விபத்து என்றால் 'வகஅ', பேச்சுவார்த்தை என்றால் 'ஜரத்' போடுங்கள். எது பொருந்தும் என்று தெரியாமல் விழித்தால் 'ஹதஸ' இருக்கிறது, நடந்தது என்ற அளவில் நிற்கும்.

அறிகுறி: புகைப்படம் எடுத்தேன் என்றால் நகலெடுத்தேன் என்று நினைக்கிறார்கள்

'ஸூரா' என்ற சொல்லுக்குப் படமும் பொருள், நகலும் பொருள். 'அகத ஸூரா' என்றால் இரண்டில் எது என்று சூழல்தான் சொல்ல வேண்டும். அலுவலக ஆவணம் பற்றிய பேச்சு என்றால் நகல் பக்கமே சாயும். 'இல்தகத ஸூரா' என்று எழுதினால் சந்தேகத்துக்கே இடமில்லை. 'இல்தகத' கீழே கிடப்பதைப் பொறுக்கி எடுப்பது. கண்டெடுத்த பொருளுக்கு 'லுகதா' என்று பெயர். கண்ணில் பட்ட காட்சியைப் பொறுக்கி எடுப்பதாகப் புகைப்படத்தைப் பார்க்கும் இந்த வினை எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடிக்கும்.

அறிகுறி: அகராதியில் வினையே அகப்படவில்லை

'யத்தகிது' என்று ஒரு சொல் வந்திருக்கும். தா என்ற எழுத்தின் கீழ் தேடிக்கொண்டிருப்பீர்கள். அது 'இத்தகத', அதாவது 'அகத'வின் எட்டாம் வடிவம் (ஒரே வேரிலிருந்து பிறக்கும் வினை வடிவங்களை எண்ணிட்டுச் சொல்வது வழக்கம்). வேரின் முதல் எழுத்தான ஹம்ஸா கரைந்து, பின்னால் வரும் தாவோடு கலந்து இரட்டித்திருக்கிறது. ஹம்ஸா, கா, தால் என்ற வேரில் எட்டாம் வடிவத்தைப் பாருங்கள். ஜெர்மனில் 1952-இலும் ஆங்கிலத்தில் 1961-இலும் வந்த ஹான்ஸ் வேர் அகராதி வேரின் முதல் எழுத்து வரிசையில் போகிறது. 13-ஆம் நூற்றாண்டில் இப்னு மன்ழூர் தொகுத்த லிஸானுல் அரபோ வேரின் கடைசி எழுத்துப்படி அடுக்கப்பட்டது. அங்கே 'அகத'வுக்குத் தால் பகுதிக்குப் போக வேண்டும். இது தெரியாமல் அலிஃப் பகுதியைப் புரட்டிக் களைத்தவர்கள் உண்டு.

'இத்தகத' எங்கே வரும்? முடிவெடுக்க, நடவடிக்கை எடுக்க, நிலைப்பாடு எடுக்க. மூன்றிலும் தமிழும் 'எடு' என்கிறது, ஆனால் அரபி வெறும் 'அகத'வோடு நிற்காமல் எட்டாம் வடிவத்துக்குப் போகிறது. 'இத்தகத கராரன்', முடிவெடுத்தான். இந்தக் 'கரார்' நமக்கு அந்நியம் இல்லை. "கறாராகச் சொல்லிவிட்டார்" என்கிறோமே, உருது வழியாக வந்த அதே சொல்தான். உறுதிப்பட்டது, நிலைத்தது என்பது அதன் அடிப்பொருள்.

இதே வேரில் இன்னொரு வழுக்கல், கட்டளைச் சொல். அரபியில் கட்டளைக்கு முன்னால் ஓர் உயிரெழுத்தைச் சேர்ப்பது வழக்கம் என்பதால் புதிதாகப் படிப்பவர்கள் 'உஃகுத்' என்று கட்டிவிடுவார்கள். வெறும் 'குத்' போதும். பெண்ணிடம் 'குதீ', பலரிடம் 'குதூ'. சாப்பிடு என்ற 'குல்' என்பதும் இப்படித்தான் தலையை இழந்து நிற்கும்.

அறிகுறி: அரபியிலிருந்து படிக்கும்போது "அவன் எடுத்தான் அழுகிறான்" என்று வருகிறது

இதுவரை போகும் வழியில் வந்த பழுதுகள், இது திரும்பும் வழியில் வருவது. 'அகத யப்கீ'. 'அகத'வுக்குப் பின்னால் பெயர்ச்சொல் இல்லாமல் நிகழ்கால வினை நேராக வந்தால் அது எடுப்பதே இல்லை. 'தொடங்கினான்' என்று பொருள். அவன் அழத் தொடங்கினான். 'எடுக்கப்பட்ட பொருள் எங்கே' என்று தேடிப் பாருங்கள். பொருள் கிடைக்காமல் வினை கிடைத்தால் உடனே 'தொடங்கு' என்று மாற்றிப் படியுங்கள்.

உயிர்க்குறி போடாத பக்கத்தில் அலிஃப் மேல் மத்து (நீட்டல் குறி) போட்டு, கா, தால் என்று ஒரு சொல் வந்தால் மூன்று விதமாகப் படிக்கலாம். 'ஆகுது' என்றால் நான் எடுக்கிறேன். 'ஆகித்' என்றால் எடுப்பவன். 'ஆகத' என்றால் குற்றம் பிடித்தான். மூன்றாவது வேறு வடிவம், மூன்றாம் வடிவம். "தப்பாக நினைக்காதீர்கள்" என்று மரியாதையாகச் சொல்லும் 'லா துஆகித்னீ' அதிலிருந்து வருவது. வாக்கியத்தில் எழுவாய் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். 'நான்' வர வாய்ப்பே இல்லாத செய்திக் குறிப்பில் முதல் வாசிப்பைத் தள்ளிவிடலாம்.

உருபும் இங்கே ஆட்டம் காட்டும். 'அகத பி' என்றால் ஒரு கருத்தை ஏற்று நடப்பது, 'அகத அலா' என்றால் ஒருவர் மேல் குறை சொல்வது. நிலையான தொடர்களிலும் 'பி' ஒட்டிக்கொள்ளும். 'யஃகுது பிஐனில் இஃதிபார்' என்றால் கணக்கில் எடுத்துக்கொள்கிறான். இதில் ஒவ்வொரு சொல்லாகப் பிரித்தால் கண் ஒன்று வந்து நிற்கும். பிரிக்காமல் முழுத்தொடராகவே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

அறிகுறி: உட்காருங்கள் என்றேன், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னதாக நினைத்தார்

ஆங்கில 'டேக் எ சீட்'டை அப்படியே பெயர்த்து 'குத்' போட்டதால். 'தஃபள்ளல்' என்று சொல்லிக் கையால் நாற்காலியைக் காட்டினால் முடிந்தது.

அறிகுறி: எந்த வினையும் தோன்றவில்லை, எந்திரம் எல்லா இடத்திலும் 'அகத' தருகிறது

இதற்குத்தான் நான் அன்றாடம் செய்யும் வேலையைச் சொல்கிறேன். வினையைத் தேடாதீர்கள், பெயரைத் தேடுங்கள். 'மஸ்ஊலிய்யா', பொறுப்பு. அதை அரபுச் செய்தித் தளங்களில் தேடி, அதற்கு முன்னால் எந்த வினை திரும்பத் திரும்ப நிற்கிறது என்று பத்து வாக்கியம் பாருங்கள். 'தஹம்மல' கண்ணில் படும். சுமப்பது. மூட்டை தூக்குபவரை ஹமாலி, அமாலி என்கிறோமே, அதே வேர். 'முலாஹளாத்', குறிப்புகள், என்று தேடினால் 'தவ்வன' வரும், பதிந்து வைத்தான். 'நள்ரா', பார்வை, என்று தேடினால் 'அல்கா' வரும். ஆங்கிலத்தில் பார்வையை எடுக்கிறார்கள், அரபியில் எறிகிறார்கள். பார்வையை வீசும் நமக்கு இது விளக்கம் இல்லாமலே புரியும்.

பத்து வாக்கியத்தில் இரண்டு வினைகள் சமமாக வந்தால் இரண்டும் சரி, நடைதான் வேறு. மருந்துக்கு 'அகத'வும் வரும், 'தனாவல'வும் வரும். மாத்திரைப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் 'தனாவல' இருக்கும், அம்மா மகனிடம் சொல்லும்போது 'அகத' இருக்கும். எழுதுவது தாளா, அம்மாவின் பேச்சா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

அறிகுறி: எழுத்து அரபியில் எல்லாம் சரி, எகிப்தியர் பேசினால் பிடிபடவில்லை

அங்கே 'அகத'வின் தலை உதிர்ந்து 'கத்' ஆகிவிடும். நிகழ்காலம் 'யாகுத்', கட்டளை 'குத்'. காது பழகிவிட்டால் இதுவும் பெரிய விஷயமில்லை. 'குத் பாலக்' என்று யாராவது கத்தினால் மட்டும் எதை எடுக்கச் சொல்கிறார் என்று நின்று யோசிக்காமல் ஒதுங்குங்கள். பார்த்துப் போ, கவனம் என்கிறார்.